மருந்து பாதி, கேட்ட சேதி பாதி

தோட்டத்து டிரஸரின் கைராசியைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காய்ச்சல், வயிற்றுவலி என்று போனால், வீட்டிலிருந்து கொண்டுபோன சீசாவில் சிவப்புத் தண்ணி மருந்தை ஊற்றிக் கொடுப்பார். இரண்டு வேளை குடித்ததும் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடும். "அவர் கையால் பச்சைத் தண்ணி வாங்கிக் குடித்தாலும் நோய் போய்விடும்" என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். அவர் மாற்றலாகிப் போய், புதிதாக வந்தவர் அதே மருந்தை அதே அளவில் கொடுத்தால், "இது நமக்குக் கேட்காது" என்று முகத்தைச் சுளிப்பார்கள். மாத்திரை கொடுத்தால் போதாது. ஊசி போட்டால்தான் வைத்தியம் பார்த்ததாகப் பலருக்குத் திருப்தி.

மருந்து ஒன்றுதான். அதைப் பற்றி முன்கூட்டியே நாம் கேட்டு வைத்திருந்த சேதிதான் வேறு. அப்படியானால் நோயைத் தீர்த்தது எது? மருந்தா, சேதியா?

இது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல. உலகத்தின் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் விஞ்ஞானிகள் இன்று மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி. அதைக் கிளப்பிவிட்டது ஒரு விநோதமான மருந்து வகை. உட்கொண்டவர்களுக்கு இல்லாத காட்சிகளைக் காட்டி, மனத்தைப் புரட்டிப் போடும் மருந்துகள் அவை. மேல்நாட்டார் அவற்றைச் 'சைக்கடெலிக்' மருந்துகள் என்கிறார்கள். தீராத மனச்சோர்வுக்கும் பழைய அதிர்ச்சிகளால் வரும் மனநோய்க்கும் அவை மருந்தாகுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது.

ஆராய்ச்சி முடியுமுன்பே சேதி பரவிவிட்டது. "ஒரே நாளில் மனநோய் குணம்", "இயற்கை தந்த அதிசயக் காளான்" என்ற தலைப்புகளோடு நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்கே காணொளிகள் வந்து சேருகின்றன. ஆகவே பெற்றோர்களும் இந்தச் சங்கதியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சைக்கிளில் தொடங்கிய கதை

சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில் சாண்டோஸ் என்ற மருந்துக் கம்பெனி இருந்தது. அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் ஹாப்மன் என்ற இரசாயன அறிஞர் 1938ஆம் ஆண்டில் எல்.எஸ்.டி. என்ற பொருளைத் தயாரித்தார். பெரிய பயன் எதுவும் தென்படாததால் அது மூலையில் கிடந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1943 ஏப்ரல் 19ஆம் தேதியன்று, அதில் ஒரு மில்லிகிராமின் கால் பங்கை அவரே உட்கொண்டு பார்த்தார். சற்று நேரத்தில் தலை சுழன்றது. உதவியாளரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சைக்கிளில் வீடு திரும்பினார். கண்ணில் பட்டதெல்லாம் நெளிந்தது. வீட்டு மேசை நாற்காலிகள் பயங்கர உருவம் எடுத்தன. பால் கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண்மணி சூனியக்காரியாகத் தெரிந்தாள். தமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோன அவர், மறுநாள் காலையில் தெளிவோடு எழுந்தார்.

இதே ஹாப்மன்தான் பின்னர் 1958இல், மெக்சிகோ நாட்டுக் காளான்களிலிருந்து சிலோசிபின் என்ற பொருளையும் பிரித்தெடுத்தார். 1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் மனநோய் மருத்துவர்கள் பலர் இந்த மருந்துகளைக் குடிப்பழக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். கனடாவில் வேலை பார்த்த ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர்தான் 'சைக்கடெலிக்' என்ற பெயரைச் சூட்டினார்.

அதுவரை இது மருத்துவர்களுக்குள் இருந்த விஷயம். அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது ஒரு பத்திரிகை.

ஒரு கட்டுரையும் ஒரு மூதாட்டியும்

மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்து மலைக் கிராமம் ஒன்றில் மரியா சபினா என்ற மசாடெக் இனத்துப் பெண் வாழ்ந்து வந்தார். ஏழை, எழுதப் படிக்கத் தெரியாதவர். நோயாளிகள் வந்தால் இரவு முழுதும் பாடிப் பிரார்த்தித்து, காளானை உட்கொண்டு, நோயின் காரணத்தைச் சொல்லும் வழக்கம் அவருடைய குலத்தில் இருந்தது. அந்தக் காளான் அவர்களுக்கு வேடிக்கைப் பொருள் அல்ல, சாமி காரியம்.

1955இல் நியூயார்க்கிலிருந்து கார்டன் வாசன் என்பவர் அந்தக் கிராமத்துக்குப் போனார். பெரிய வங்கி ஒன்றின் உதவித் தலைவர் அவர். காளான்களைப் பற்றி ஆராய்வதில் ஆசை கொண்டவர். மரியா சபினாவின் சடங்கில் கலந்துகொண்டு, தாம் கண்ட காட்சிகளை 1957 மே மாதம் 'லைஃப்' பத்திரிகையில் படங்களுடன் எழுதினார். பல லட்சம் பேர் படித்த பத்திரிகை அது. மூதாட்டியின் பெயரை மாற்றித்தான் எழுதினார். ஆனாலும் என்ன? சில ஆண்டுகளில் வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக அந்த மலையேறி வந்து இறங்கினார்கள். போலீசாரும் வந்தார்கள். ஊரின் இரகசியத்தை வெளியே விட்டாள் என்று சொந்த ஊர்க்காரர்களே மரியா சபினாவை வெறுத்தார்கள். அவருடைய வீடு தீக்கிரையானது. 1985இல் வறுமையிலேயே அவர் காலமானார்.

அந்தக் கிராமத்தார் தங்கள் நோய்க்கு வழி தேடிக் காளானை உண்டார்கள். பத்திரிகை படித்து வந்தவர்களோ, படித்ததைப் பார்த்துவிட வேண்டும் என்று உண்டார்கள். பொருள் ஒன்று, எதிர்பார்ப்பு வேறு.

அதன் பிறகு பத்திரிகைகள் இரண்டு பக்கமும் ஊசலாடின. முதலில் அதிசயம் என்று புகழ்ந்தன. ஹார்வர்ட் சர்வகலாசாலையில் இந்த ஆராய்ச்சி செய்த திமதி லியரி என்பவர் 1963இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் ஊர் ஊராகச் சென்று இளைஞர்களை இந்த மருந்துகளின் பக்கம் அழைத்தார். அடுத்து, பைத்தியமாக்கும் மருந்து என்ற பயமுறுத்தல் செய்திகள் வந்தன. 1970இல் அமெரிக்கா கடுமையான சட்டம் கொண்டுவந்தது. 1971இல் ஐக்கிய நாடுகள் ஒப்பந்தமும் வந்தது. ஆராய்ச்சி ஏறக்குறைய நின்றேபோனது.

மீண்டும் அது பெரிய அளவில் தலைதூக்கியது 2000க்குப் பிறகுதான். 2006இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை சிலோசிபின் ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டது. 2016இல் புற்றுநோயாளிகளின் மனக்கலக்கத்துக்கு இந்த மருந்து உதவியதாக இரண்டு ஆராய்ச்சிகள் வெளிவந்தன. ஒன்றில் 51 பேர், மற்றொன்றில் 29 பேர். 2018இல் மைக்கேல் போலன் என்ற எழுத்தாளரின் புத்தகம் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. 2022இல் அது நெட்ஃபிலிக்ஸில் தொடராகவும் வந்தது. அன்று 'லைஃப்' பத்திரிகை செய்த வேலையை இன்று கைத்தொலைபேசி செய்கிறது, நூறு மடங்கு வேகத்தில்.

கண்ணைக் கட்டிப் பார்த்த சோதனை

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு மருந்து தன் சொந்த சக்தியால் வேலை செய்கிறதா, நம் எதிர்பார்ப்பால் வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு 1784ஆம் ஆண்டிலேயே ஓர் அருமையான சோதனை நடந்திருக்கிறது. அப்போது பாரிஸ் நகரில் மெஸ்மர் என்ற வைத்தியர் பிரபலமாக இருந்தார். உடம்புக்குள் ஓடும் காந்த சக்தியைச் சரிசெய்து நோய் தீர்ப்பதாக அவர் சொன்னார். கூட்டம் அலைமோதியது. பிரான்ஸ் மன்னர் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். அமெரிக்கத் தூதராக அங்கிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் அதில் முக்கியமானவர். அவருடைய தோட்டத்தில் மெஸ்மரின் சீடர் ஒரு மரத்துக்குக் 'காந்தம் ஏற்றினார்'. 12 வயதுப் பையன் ஒருவனின் கண்ணைக் கட்டி, காந்தம் ஏற்றாத வேறு மரங்களிடம் ஒவ்வொன்றாக அழைத்துச் சென்றார்கள். பையனுக்கு வியர்த்தது, தலை வலித்தது, நான்காவது மரத்தடியில் மயங்கியே விழுந்துவிட்டான். காந்த மரமோ தூரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது!

மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மவர்கள் சொன்னதை அங்கே சோதனை செய்தே நிரூபித்துவிட்டார்கள்.

இன்றைய மருந்துச் சோதனைகளிலும் அடிப்படை அதுதான். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டு சாராராகப் பிரிப்பார்கள். ஒரு சாராருக்கு மெய்யான மருந்து. மறு சாராருக்குப் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மருந்து சாப்பிட்டவர்கள் அதிகமாகக் குணமடைந்தால்தான் மருந்துக்குச் சக்தி உண்டு என்று ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் சைக்கடெலிக் மருந்துகளிடம் இந்தக் கண்கட்டு பலிப்பதில்லை. சுவர் நெளிகிறது, வண்ணங்கள் பேசுகின்றன என்றால், தனக்குக் கிடைத்தது எது என்று யாருக்குத்தான் தெரியாது? 1962இல் பாஸ்டன் நகரத்து தேவாலயம் ஒன்றில் 20 சமய மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. பத்துப் பேருக்குச் சிலோசிபின்; பத்துப் பேருக்கு உடம்பைச் சூடாக்கிச் சிவக்கவைக்கும் ஒரு வைட்டமின். கொஞ்ச நேரம்தான் குழப்பம் இருந்தது. பிறகு யார் எதைச் சாப்பிட்டார் என்பது எல்லாருக்கும் வெட்டவெளிச்சமாகிவிட்டது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பத்திரிகையும் தொலைக்காட்சியும் சொன்னதை நம்பி, ஆசையோடு காத்திருந்து சோதனைக்கு வருகிறார் ஒருவர். அவருக்குக் கிடைத்தது வெறும் மாத்திரை. அது சிறிது நேரத்தில் அவருக்கே தெரிந்தும்விடுகிறது. மனம் உடைந்துபோகிறது. அவருடைய மனச்சோர்வு குறைவதற்குப் பதில் கூடினாலும் வியப்பில்லை. கணக்கு எழுதும்போதோ, மருந்து சாப்பிட்டவர் மேட்டில் ஏறியதாகவும், இவர் பள்ளத்தில் கிடப்பதாகவும் பதிவாகும். மருந்தின் சக்தி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். முன்னே கேட்ட சேதி இப்படி இரண்டு பக்கமும் தராசை அழுத்துகிறது.

எதிர்பார்ப்புக்கு ஓர் அளவுகோல்

அப்படியானால் எதிர்பார்ப்பையே அளந்துவிட்டால் என்ன என்று ஆராய்ச்சியாளர்கள் யோசித்தார்கள். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருப்பதுபோல எதிர்பார்ப்புக்கும் ஓர் அளவுகோல்!

அதைச் செய்வது பெரிய வித்தை அல்ல, கேள்வித்தாள்தான். மருந்து கொடுக்குமுன்பே கேட்பார்கள்: இந்தச் சிகிச்சை உங்களுக்குப் பயன் தரும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள்? எவ்வளவு பயப்படுகிறீர்கள்? பதிலை எண்ணாகச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையில் உருவாகி 2012இல் வெளியான கேள்வித்தாள் ஒன்று நல்ல எதிர்பார்ப்பையும் கெட்ட எதிர்பார்ப்பையும் தனித்தனியாக அளக்கிறது. நம்பிக்கை நோயைக் குறைப்பதுபோலப் பயம் நோயைக் கூட்டவும் கூடும் அல்லவா?

அடுத்தது, அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. இந்த மருந்தைப் பற்றி எதையாவது படித்தீர்களா? எந்தக் காணொளியைப் பார்த்தீர்கள்? எத்தனை முறை? அது புகழ்ந்ததா, எச்சரித்ததா? இந்தப் பதில்களையும் எதிர்பார்ப்பின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டிவிட முடியாது. செய்தி பார்த்ததால் நம்பிக்கை வந்ததா? அல்லது முன்பே நம்பிக்கை இருந்ததால் செய்தியைத் தேடிப் பிடித்துப் பார்த்தாரா? கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற கதைதான். இந்த முடிச்சை அவிழ்க்கவும் சீட்டுக் குலுக்கல்தான் கைகொடுக்கிறது. கொஞ்சம் பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு மருந்தை வானளாவப் புகழும் கட்டுரையைக் கொடுக்கவேண்டும். மறு சாராருக்கு நன்மை தீமை இரண்டையும் நிதானமாகச் சொல்லும் கட்டுரையைக் கொடுக்கவேண்டும். படிக்குமுன் ஒரு முறையும் படித்தபின் ஒரு முறையும் எதிர்பார்ப்பை அளந்தால், கட்டுரை மட்டும் எவ்வளவு ஏற்றிவிட்டது என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக இன்னொரு கேள்வி. சிகிச்சை முடிந்த பின்பு, "உங்களுக்குக் கிடைத்தது மெய்யான மருந்தா, வெறும் மாத்திரையா?" என்று கேட்கவேண்டும். கண்கட்டு நிலைத்ததா, அவிழ்ந்ததா என்பதை அந்தப் பதில் காட்டிக்கொடுத்துவிடும்.

சோதனைகள் சொன்ன சேதி

இந்த வகையில் நடந்த சில சோதனைகளைக் கேளுங்கள்.

கனடாவின் மெக்கில் சர்வகலாசாலையார் 2020இல் வெளியிட்ட சோதனை இது. 33 மாணவர்களை ஓர் அறையில் கூட்டினார்கள். வண்ண விளக்குகள், இசை, ஓவியங்கள் என்று அறையே விருந்து வீடுபோல ஜோடிக்கப்பட்டிருந்தது. சிலோசிபினைப் போன்ற மருந்து என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கூட்டத்தில் கலந்திருந்த சிலர், மருந்து ஏறிவிட்டதுபோல நடித்தார்கள். மாணவர்களில் 61 விழுக்காட்டினர் தங்களுக்கும் ஏதோ செய்ததாகச் சொன்னார்கள். சுவரில் இருந்த ஓவியங்கள் அசைந்ததாகச் சிலர் சொன்னார்கள். உண்மையில் எல்லாருக்கும் கொடுத்தது வெறும் மாத்திரை!

இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2021இல் வெளியிட்டது மற்றொன்று. மயக்கம் தராத அளவுக்கு மிகமிகக் கொஞ்சமாக இந்த மருந்துகளை வாரத்தில் சில நாள் எடுத்துக்கொண்டால் மனம் சுறுசுறுப்பாகும் என்று மேல்நாட்டில் ஒரு பேச்சு. அப்படிச் செய்துவந்த 191 பேர், மருந்துக் குளிகைகளையும் வெறும் குளிகைகளையும் தாங்களே கலந்து, எது எது என்று தெரியாதபடி நான்கு வாரம் சாப்பிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களின் மனநிலை தெளிந்தது உண்மைதான். வெறும் குளிகை சாப்பிட்டவர்களுக்கும் அதே அளவு தெளிந்தது.

மூன்றாவது, ஸ்டான்ஃபோர்டில் நடந்து 2023இல் வெளியானது. கெட்டமின் என்பது மயக்க மருந்து. மனச்சோர்வைக் குறைக்கவும் கொடுக்கப்படுகிறது. அதுவும் விசித்திரமான உணர்ச்சிகளைத் தருவதால் கண்கட்டு நிலைப்பதில்லை. ஆகவே மருத்துவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். வேறு காரணத்துக்காக ஆபரேஷன் செய்துகொள்ள வந்த, மனச்சோர்வும் உள்ள 40 பேருக்கு, நினைவிழந்து தூங்கும்போது சிலருக்குக் கெட்டமினும் சிலருக்கு வெறும் உப்பு நீரும் ஏற்றினார்கள். விழித்தபின் இரு சாராருக்கும் மனச்சோர்வு ஏறக்குறைய ஒரே அளவுக்கு நன்றாகக் குறைந்திருந்தது! அதிகமாகக் குணமடைந்தவர்கள், "எனக்குக் கிடைத்தது கெட்டமின்தான்" என்று நினைத்துக்கொண்டார்கள். ஆபரேஷன் மயக்கமே மருந்தின் வேலையைக் கெடுத்திருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் உப்பு நீர் ஏற்றிக்கொண்டவர்கள் அவ்வளவு தெளிந்ததற்கு யார் பதில் சொல்வது?

அப்படியானால் எல்லாம் வெறும் நம்பிக்கைதானா? சைக்கடெலிக் மருந்து சுத்த ஏமாற்றா? அப்படியும் சொல்லிவிட முடியாது. நிதானம் இங்கேதான் வேண்டும்.

சிலோசிபினையும், மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம் என்ற மாத்திரையையும் ஒப்பிட்டு இம்பீரியல் கல்லூரியில் 59 நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. 2021இல் முடிவு வெளியானது. முக்கிய அளவுகோலில் இரண்டுக்கும் இடையே உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. பிறகு 2024இல் அதே நோயாளிகளின் எதிர்பார்ப்புக் கணக்கை வெளியிட்டார்கள். எதிர்பார்த்தபடியே, பழைய மாத்திரையைவிடச் சிலோசிபின்மீதுதான் நோயாளிகளுக்கு நம்பிக்கை அதிகமாக இருந்தது. ஆனால் வியப்பு என்னவென்றால், பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில் அதிகம் நம்பியவர்கள் அதிகம் குணமடைந்தார்கள். சிலோசிபின் சாப்பிட்டவர்களிடமோ அப்படியொரு தொடர்பு தென்படவில்லை. அங்கே வேறொன்று தெரிந்தது. பிறர் சொல்வதை எளிதில் மனத்தில் வாங்கிக்கொள்ளும் சுபாவம் உள்ளவர்களுக்குச் சிலோசிபின் அதிகம் பலித்தது.

அளவை மாற்றிக் கொடுத்த சோதனையும் உண்டு. 2022இல் வெளியான அதில் 233 நோயாளிகள். சிலருக்கு 25 மில்லிகிராம், சிலருக்கு 10, சிலருக்குப் பெயருக்கு 1 மில்லிகிராம். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 25 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கே அதிகக் குணம். ஆக, மருந்திலும் ஏதோ இருக்கிறது; மனத்திலும் ஏதோ இருக்கிறது. எது எத்தனை பங்கு என்பதுதான் இன்னும் பிரிபடவில்லை.

இந்தப் பங்குப் பிரச்சினை ஏட்டோடு நிற்பதல்ல. எம்.டி.எம்.ஏ. என்ற மருந்தை அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கு அனுமதிக்கவேண்டும் என்று ஒரு கம்பெனி விண்ணப்பித்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிர்வாகம், கையிலுள்ள சான்றுகள் போதாது என்று சொல்லிவிட்டது. அந்த விண்ணப்பத்தை ஆராய்ந்த நிபுணர்கள் எழுப்பிய ஆட்சேபங்களில் ஒன்று, கண்கட்டு அவிழ்ந்துபோனது. ஆஸ்திரேலியாவோ 2023 ஜூலை முதல், தனி அனுமதி பெற்ற மனநோய் மருத்துவர்கள் மட்டும் குறிப்பிட்ட சில நோயாளிகளுக்கு இந்த மருந்துகளைக் கொடுக்கலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கிறது.

காணொளி காட்டாத பக்கம்

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் குடும்பத்தில் ஒரு தம்பிக்கு மனச்சோர்வு என்று வைத்துக்கொள்வோம். சரியாகச் சாப்பிடுவதில்லை, வேலைக்குப் போவதில்லை, சுவரைப் பார்த்தபடி படுத்துக்கிடக்கிறான். அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறான். மெள்ள மெள்ளத்தான் தேறுகிறான். ஒரு நாள் இரவு, "பத்து வருஷ நோய் ஒரே நாளில் பறந்தது" என்ற காணொளி அவன் கண்ணில் படுகிறது. கையில் இருக்கும் மாத்திரை அந்த நிமிஷமே கசந்துவிடாதா? சாப்பிடுவதை நிறுத்திவிட்டால்? யாரிடமாவது காளான் வாங்கித் தின்றுவிட்டால்?

அந்தக் காணொளி காட்டாதவற்றை நாம் அவனுக்குச் சொல்லவேண்டும். ஆராய்ச்சியில் யாரும் காளானைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. முன்கூட்டியே பல மணி நேரம் பேசித் தயார்ப்படுத்துகிறார்கள். மருந்து கொடுத்த நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம்வரை பயிற்சி பெற்றவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பிறகும் பலமுறை அழைத்துப் பேசுகிறார்கள். புத்தி பேதலித்த நோய் தனக்கோ நெருங்கிய குடும்பத்திலோ இருந்தால், அவர்களைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதே இல்லை. லித்தியம் என்ற மருந்து சாப்பிடுவோர் சைக்கடெலிக் மருந்தை உட்கொண்டு வலிப்பு வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. காட்டிலும் மேட்டிலும் முளைக்கும் காளானில் உயிரைக் குடிக்கும் நச்சுக் காளானும் கலந்திருக்கும். மழைக்குப் பின் புற்றுக்காளான் பறித்துப் பழகிய நம் பெண்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

சட்டமும் இருக்கிறது. மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டமும், சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் துர்ப்பிரயோகச் சட்டமும் எல்.எஸ்.டி.யையும் சிலோசிபினையும் தடைசெய்யப்பட்ட பட்டியலில் வைத்திருக்கின்றன. வைத்திருந்தாலும் குற்றம், உபயோகித்தாலும் குற்றம். அமெரிக்காவில் எடுத்த காணொளி அதைச் சொல்லாது. பிடிபட்டபின் நீதிமன்ற வாசலில் அழுதுகொண்டு நிற்பது காணொளி எடுத்தவர் அல்ல. நம் வீட்டுத் தாய்தான்.

சேதி வந்தால் கேளுங்கள்

வானொலியில் ஆகட்டும், பத்திரிகையில் ஆகட்டும், வாட்ஸ்அப்பில் ஆகட்டும், அதிசய மருந்து என்று சேதி வந்தால், பின்வரும் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். காளானுக்கு மட்டும் அல்ல, சர்க்கரை நோய்க்கு விற்கும் பொடிக்கும், முட்டிவலித் தைலத்துக்கும் இது பொருந்தும்.

1. எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? ஒருவர் கதையா, நூறு பேர் கணக்கா?

2. வெறும் மாத்திரை சாப்பிட்ட மறு சாரார் இருந்தார்களா? அவர்களுக்கு எவ்வளவு குணம்?

3. யாருக்கு எது என்று தெரியாமல் நடந்ததா, தெரிந்துபோயிற்றா?

4. எத்தனை நாள் கழித்துப் பார்த்தார்கள்? மூன்று வாரமா, மூன்று வருஷமா?

5. யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று சொன்னார்களா? தீமையை வாய் திறக்காத சேதி பாதிச் சேதிதான்.

6. சேதி சொல்பவருக்கு இதில் லாபம் உண்டா?

நம்பிக்கையை நான் பழிக்கவில்லை. அது வீண் பொருளும் அல்ல. உப்பு நீர் ஏற்றிக்கொண்டவர்களின் மனம் தெளிந்ததைப் பார்த்தோமே! அன்பாகப் பேசும் மருத்துவர், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளும் தாய், நாளை நன்றாகிவிடும் என்ற வார்த்தை — இவையெல்லாம் மருந்தோடு சேர்ந்து வேலை செய்பவை. அந்தக் காலத்து டிரஸரின் கைராசியும் அதுதானே? அவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரித்தார். சிவப்புத் தண்ணியில் பாதி வேலையை அந்த விசாரிப்பு செய்தது.

ஆனால் டிரஸர் மறுநாளும் அதே தோட்டத்தில் இருந்தார். குணமாகாவிட்டால் அவரிடமே திரும்பிப் போகலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே அனுப்பியும் வைப்பார். நம்பிக்கையை ஊட்டியவர் அதற்குப் பொறுப்பும் ஏற்றார். கைத்தொலைபேசியில் நம்பிக்கையை ஏற்றிவிட்டுப் போகிறவரை மறுநாள் நாம் எங்கே போய்த் தேடுவது?

ஆகவே அந்தத் தம்பியிடம் காணொளியைப் பிடுங்கி எறிந்து திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "இதை நம்ம டாக்டரிடம் காட்டிக் கேட்போம், வா" என்று அழைத்துப் போங்கள். அதுவரை மாத்திரையை நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்ததும், கேள்வித்தாளோடு விஞ்ஞானிகள் செய்துகொண்டிருப்பதும் ஒன்றேதான்.